அந்தப் பன்னிரண்டு பேர் காதில் என்ன விழுகிறது? ஜூரி ஆலோசகரின் வேலை

1972-இல் அமெரிக்காவின் ஹாரிஸ்பர்க் நகரில் ஒரு வழக்கு நடந்தது. வியட்நாம் போரை எதிர்த்த கத்தோலிக்கப் பாதிரியார் பிலிப் பெரிகன், கன்னியாஸ்திரி எலிசபெத் மெக்காலிஸ்டர் உட்பட 7 பேர் மீது குற்றச்சாட்டு. அதிபரின் ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கரைக் கடத்தச் சதி செய்தார்கள், வாஷிங்டனில் அரசுக் கட்டடங்களுக்கு வெப்பம் கொண்டுபோகும் சுரங்கங்களை வெடிவைக்கத் திட்டம் போட்டார்கள் என்றது அரசு. வாரக்கணக்கில் சாட்சிகள் வந்து போனார்கள். கடைசியில் எதிர்த்தரப்பின் முறை வந்தது. முன்னாள் அட்டர்னி ஜெனரல் ராம்சே கிளார்க் எழுந்தார். எங்கள் கட்சிக்காரர்கள் குற்றமற்றவர்கள், எங்கள் தரப்பு இத்துடன் முடிகிறது என்ற அளவில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு சாட்சிகூட ஏறவில்லை.

ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரவைக்கப்பட்ட 12 சாதாரண மக்கள், நாள்கணக்கில் உள்ளே உட்கார்ந்து பேசியது. சதிக் குற்றச்சாட்டில் 10 பேர் விடுதலை என்றார்கள், 2 பேர் குற்றவாளி என்றார்கள். ஒருமித்த முடிவு வராததால் சதி வழக்கு அதோடு கலைந்தது. சிறைக்குள் கடிதம் கடத்திய சின்னக் குற்றத்தில் மட்டும் பெரிகனும் மெக்காலிஸ்டரும் மாட்டினார்கள்.

அரசின் முக்கிய சாட்சி, பெரிகன் அடைபட்டிருந்த அதே சிறையில் இருந்துகொண்டு எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்த ஒரு கைதி. அந்த ஆளை நம்பி ஏழு பேரைச் சிறைக்கு அனுப்புவது யாருக்குமே கஷ்டம்தான். அதனால் வெற்றியை முழுக்க வேறு எதற்கும் எழுதிவைக்க முடியாது. ஆனால் இந்த வழக்கு வரலாற்றில் நிற்பதற்குக் காரணம் ராம்சே கிளார்க் உட்கார்ந்த விதம் இல்லை. விசாரணை தொடங்குவதற்கு முன்பே ஒரு கூட்டம் அந்த ஊர் வீடுகளின் போன் மணியை அடித்துக்கொண்டிருந்தது. ஜூரியில் யாரை விடுவது, அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று வக்கீலுக்குச் சொல்லித்தரும் ஜூரி ஆலோசகர் என்று இன்று அமெரிக்காவில் ஒரு தொழிலே இருக்கிறது என்றால், அதன் பிள்ளையார்சுழி அங்கேதான் போடப்பட்டது.

ஹாரிஸ்பர்க் சுற்றுவட்டாரம் பழமைவாதிகள் நிறைந்த பகுதி. போரை எதிர்ப்பவர்களுக்கு அங்கே நல்ல பெயர் கிடையாது. ஜே ஷுல்மன் என்ற சமூகவியலாளரும், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் கிறிஸ்டியும், எதிர்த்தரப்புக்கு உதவத் தொண்டர்களைச் சேர்த்தார்கள். முதலில் 840 பேரிடம் போனில் பேசினார்கள். அப்புறம் அவர்களில் 252 பேரிடம் விரிவாகப் பேட்டி எடுத்தார்கள். என்ன பேப்பர் படிக்கிறீர்கள், எந்தச் சபைக்குப் போகிறீர்கள், அரசாங்கத்தை எவ்வளவு நம்புகிறீர்கள், இப்படி.

வந்த விடை வக்கீல்களின் நெஞ்சில் இருந்த கணக்கைக் கவிழ்த்துவிட்டது. படித்தவர்கள் என்றால் கொஞ்சம் தாராள மனசு இருக்கும், நமக்குச் சாதகமாக இருப்பார்கள் என்றுதான் எல்லா வக்கீலும் நினைப்பார். ஹாரிஸ்பர்க்கில் அது தலைகீழ். அங்கே கல்லூரி முடித்த தாராளவாத இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். தங்கிவிட்ட படித்தவர்கள் பழமைவாதிகளாக இருந்தார்கள். மதம் முக்கியமான தடயமாக இருந்தது. சில புராட்டஸ்டன்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள் கடுமையாக இருந்தார்கள். மதப் பிடிப்பு இல்லாத, டெமாக்ரடிக் கட்சி ஆதரவாளரான, ஓரளவு நல்ல வேலையில் இருக்கும் பெண் கிடைத்தால் உத்தமம் என்று ஆய்வு சொன்னது.

நீதிபதி தகுதி பார்த்து 46 பேரை முன்னால் வைத்தார். அதில் எதிர்த்தரப்பு 28 பேரையும் அரசுத் தரப்பு 6 பேரையும் கழித்தது. மிச்சம் 12.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடைசிவரை குற்றவாளி என்று நின்ற இருவரில் ஒருவர், போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்த பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய். எந்த வக்கீலும் இவர் நம்ம ஆள் என்றுதான் சொல்லியிருப்பார். ஆய்வின் சல்லடையும் அவரை உள்ளே விட்டுவிட்டது. இந்தத் தொழில் பிறந்த நாளிலேயே அதன் எல்லையும் கூடவே பிறந்துவிட்டது.

கழிப்பதுதான் வேலை

ஜூரியைத் தேர்ந்தெடுப்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமப் பட்டியல் மாதிரியானவற்றிலிருந்து குலுக்கலில் பெயர் எடுத்து, கோர்ட் ஆட்களை வரவழைக்கிறது. வந்தவர்களில் யார் வேண்டாம் என்று மட்டும்தான் வக்கீல் சொல்லலாம். யார் வேண்டும் என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. சந்தையில் நல்ல தக்காளி பொறுக்குவது மாதிரி இல்லை இது. ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி.

கல் பொறுக்க இரண்டு வழி. ஒன்று, காரணம் காட்டி நீக்குவது. இந்த ஆள் பிரதிவாதியின் மச்சான், அல்லது போலீஸ் சொன்னால் அப்படியே நம்புவேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார் என்று நீதிபதியிடம் காட்ட வேண்டும். இதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. இரண்டாவது, காரணமே சொல்லாமல் நீக்குவது. இதற்கு வரம்பு உண்டு. ஃபெடரல் கோர்ட்டில், அதாவது மத்திய அரசின் கோர்ட்டில், மரண தண்டனை வழக்கு என்றால் இரு தரப்புக்கும் தலா 20. மற்ற பெரிய குற்ற வழக்குகளில் அரசுக்கு 6, குற்றம் சாட்டப்பட்டவருக்கு 10. சிவில் வழக்கில் தலா 3. மாநிலத்துக்கு மாநிலம் இந்த எண் மாறும்.

3 தோட்டாதான் இருக்கிறது என்றால் யார்மேல் சுடுவது என்று யோசிக்கத்தானே வேண்டும். வக்கீல்கள் காலகாலமாக இதைக் குத்துமதிப்பில்தான் செய்துவந்தார்கள். ஆசிரியர்களை வைத்துக்கொள்ளாதே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்பவரை நம்பாதே என்று சீனியர் சொல்லிக்கொடுத்த வைத்திய முறைகள். பல்லி விழுந்த பலன் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. ஆலோசகர் வந்தபோது முதலில் கொண்டுவந்தது இந்தக் குத்துமதிப்பைக் கொஞ்சம் அளந்து பார்க்கும் பழக்கத்தைத்தான்.

அதில் பெரிய பங்கு, கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. வக்கீல் எழுந்து நின்று, இந்த வழக்கை நீங்கள் நியாயமாகப் பார்ப்பீர்கள்தானே என்று கேட்டால், எதிரே இருப்பவர் என்ன சொல்வார்? ஆமாம் என்றுதான் சொல்வார். நூறு பேர் முன்னால், கறுப்பு அங்கி போட்ட நீதிபதி முன்னால், இல்லை எனக்கு நியாயம் வராது என்று யார் சொல்லப்போகிறார்? ஆலோசகர் அந்தக் கேள்வியைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மாதிரி எழுதித் தருவார்: “கம்பெனி மேல் கேஸ் போடுபவர்களில் பாதிப் பேர் காசுக்காகத்தான் போடுகிறார்கள் என்று சில பேர் நினைக்கிறார்கள். வேறு வழியில்லாமல்தான் போடுகிறார்கள் என்று சில பேர் நினைக்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் எந்தப் பக்கம்?”

இரண்டு பக்கத்துக்கும் ஆள் உண்டு என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. அதனால் மூன்றாவது வரிசையில் இருக்கும் ஒருவர் தைரியமாக, “நான் முதல் பக்கம்தான், எல்லாம் காசுக்காகத்தான்” என்பார். பாதிக்கப்பட்டவருக்காக வந்த வக்கீலுக்கு வயிற்றைக் கலக்கும். உடனே அவரிடம் வாதாடித் திருத்தப் பார்ப்பார், அல்லது பேச்சை மாற்றப் பார்ப்பார். இரண்டும் தப்பு. நன்றி, இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று அவரைப் பேசவிட வேண்டும். அப்புறம் அரங்கத்தைப் பார்த்து, வேறு யாருக்கு இப்படித் தோன்றுகிறது என்று கேட்க வேண்டும். ஐந்தாறு கைகள் மேலே போகும். அந்தக் கைகளைப் பார்ப்பதற்காகத்தான் அவ்வளவு பாடும். வக்கீல் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகர் இருக்கை வரைபடத்தில் ஒவ்வொரு கட்டமாகக் குறித்துக்கொண்டே இருப்பார். ஒட்டுச்சீட்டு ஒன்று இங்கேயிருந்து அங்கே நகரும்.

எல்லா கோர்ட்டிலும் இதற்கு இடம் கிடைக்காது. பல ஃபெடரல் நீதிபதிகள் கேள்வியைத் தாங்களே கேட்டுச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். அங்கே ஆலோசகரின் வேலை முன்கூட்டியே எழுத்துக் கேள்வித்தாள் தயாரித்து, அதை ஏற்கும்படி நீதிபதியிடம் வக்கீலைக் கேட்க வைப்பதோடு நின்றுவிடும். முன்னாள் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்சனின் வழக்கில் அந்தக் கேள்வித்தாளில் 294 கேள்விகள் இருந்தன. நம் ஊர்க் காலாண்டுப் பரீட்சையே பரவாயில்லை.

இப்போது சமூக ஊடகமும் சேர்ந்துகொண்டது. பெயர்ப் பட்டியல் கைக்கு வந்த சில மணி நேரத்தில் ஒவ்வொருவரும் பொதுவில் போட்ட பதிவுகளைத் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2014-இல் இதற்குக் கோடு போட்டது: எல்லோருக்கும் தெரியும்படி இருப்பதைப் பார்க்கலாம்; ஆனால் நட்பு அழைப்பு அனுப்புவது, வேறு ஆள் மூலம் பேச்சுக்கொடுப்பது எதுவும் கூடாது. 2024-இல் நியூயார்க்கில் டொனால்ட் டிரம்ப் வழக்குக்கு ஜூரி பொறுக்கியபோது, வருடக்கணக்கில் பழசான பதிவுகள் கோர்ட்டில் எடுத்துக் காட்டப்பட்டன.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்வது

இந்தத் தொழிலின் பெயரில் ஜூரி என்று இருப்பதால், ஆலோசகர் என்றாலே ஜூரியின் முகத்தைப் படிக்கும் மாயாவி என்று ஒரு எண்ணம். சினிமாவும் டிவி சீரியலும் அதை ஊதிப் பெரிதாக்கிவிட்டன. அந்த வேலையை அறிந்தவர்களைக் கேட்டால், கொடுத்த காசு பெரும்பாலும் திரும்புவது அங்கே இல்லை, மாதிரி விசாரணையில்தான் என்பார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

மாதிரி விசாரணை என்றால், வழக்கு நடக்கப்போகும் அதே மாவட்டத்திலிருந்து, அங்கே ஜூரிக்கு வரக்கூடிய மாதிரியான 20, 30 பேரைக் காசு கொடுத்து ஒருநாள் வரவழைப்பது. ஹோட்டல் ஹாலோ, சந்தை ஆய்வுக் கம்பெனிகளின் அறையோ வாடகைக்கு எடுப்பார்கள். வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். எந்தத் தரப்பு காசு கொடுக்கிறது என்பதைச் சொல்லமாட்டார்கள். இரண்டு தரப்பு வாதத்தையும் சுருக்கமாகப் பேசிக் காட்டுவார்கள். எதிர்த்தரப்பாக நடிக்க ஆபீஸிலேயே கெட்டிக்கார வக்கீலை விட வேண்டும். ஜூனியரை விட்டுவிட்டு நாம் ஜெயித்தோம் என்று வீட்டுக்குப் போவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்புறம் அவர்களை இரண்டு மூன்று குழுவாகப் பிரித்து அறைக்குள் விட்டு, முடிவுக்கு வாருங்கள் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். ஒருபக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அல்லது கேமரா திரைக்கு முன்னால், வக்கீலும் கட்சிக்காரரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு கேஸை வைத்துப் பார்ப்போம். லாரி ஒன்று நெடுஞ்சாலையில் காரை மோதி, காரை ஓட்டியவர் இறந்துபோகிறார். மனைவி லாரிக் கம்பெனி மேல் கேஸ் போடுகிறார். அவருடைய வக்கீல் ஒன்றரை வருஷமாகப் பிரேக் பராமரிப்புப் பதிவேட்டைக் கரைத்துக் குடித்திருக்கிறார். எந்தத் தேதியில் சர்வீஸ் விடுபட்டது, எந்த மெக்கானிக் கையெழுத்துப் போடவில்லை என்பது வரை அத்துப்படி. கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் பேச்சில் முதல் 20 நிமிடம் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. “விடிகாலை 3 மணிக்கு அந்த மனுஷர் ரோட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்?” என்கிறார் ஒரு பெண். இன்னொருவர், குடித்திருப்பாரோ என்கிறார். மூன்றாமவர், அதைப் பற்றி யாருமே பேசவில்லையே, மறைக்கிறார்களோ என்கிறார். முடிந்தது கதை. அந்த மனுஷர் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்து வந்துகொண்டிருந்தார். வக்கீலுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்த விஷயம்தானே என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

இந்தக் கேஸ் நான் விளக்கத்துக்காகக் கட்டியது. ஆனால் இதன் வார்ப்பு உண்மையானது. வழக்கோடு குடும்பம் நடத்தும் வக்கீலுக்கு, அதை முதல்முறையாகக் கேட்பவர் காதில் என்ன விழுகிறது என்பது தெரியாமல் போய்விடுகிறது. சாம்பாரைத் திரும்பத் திரும்ப ருசி பார்த்த நாக்குக்கு உப்பு தெரியாது; அடுத்த வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிட வேண்டும். ஆலோசகர் அடிப்படையில் அந்த அடுத்த வீட்டு நாக்கைக் கூட்டிக்கொண்டு வருபவர்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாதிரி ஜூரி சொன்ன இழப்பீட்டுத் தொகையை ஜோசியம் மாதிரி எடுத்துக்கொண்டு சமரசப் பேச்சுக்குப் போவது ஆபத்து. 30 பேரை வைத்துத் தொகை கணிக்க முடியாது. அவர்கள் எங்கே குழம்பினார்கள், எதற்குக் கோபப்பட்டார்கள், எந்த வார்த்தையைத் தாங்களாகவே எடுத்துப் பேசினார்கள் என்பதுதான் அதில் கிடைக்கும் சரக்கு.

இதன் இன்னொரு வடிவம் நிழல் ஜூரி. 1970-களின் பிற்பகுதியில் ஐபிஎம் கம்பெனி மேல் ஒரு கம்ப்யூட்டர் கருவி உற்பத்தியாளர் போட்ட ஏகபோக வழக்கில் டொனால்ட் வின்சன் என்ற மார்க்கெட்டிங் பேராசிரியர் செய்தது இது. உண்மையான ஜூரியைப் போலவே வயது, தொழில், படிப்பு உள்ளவர்களைக் கூலிக்கு அமர்த்திப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்தார். தினமும் கோர்ட் கலைந்ததும், இன்று என்ன புரிந்தது, யார் பேசியது எடுபட்டது என்று கேட்டுக்கொள்வார். தங்களை யார் அமர்த்தியது என்பதே அவர்களுக்குத் தெரியாது. அருமையான யோசனை. கடைசியில் அந்த வழக்கு ஜூரியிடம் போகவே இல்லை. வாதியின் சாட்சியம் போதாது என்று நீதிபதியே ஐபிஎம் பக்கம் முடித்துவிட்டார்.

இலவசமாகக் கிடைத்ததைத் தள்ளியது

அதே வின்சன் 1994-இல் சிம்சன் வழக்கில் அரசுத் தரப்புக்குக் காசு வாங்காமல் உதவ முன்வந்தார். மாதிரி ஜூரி வைத்துப் பார்த்ததில், கறுப்பினப் பெண்கள் சிம்சன் பக்கம் உறுதியாக இருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. அரசு வழக்கறிஞர் மார்சியா கிளார்க்கின் அனுபவம் வேறு சொன்னது. மனைவியை அடித்த ஆள் என்ற வழக்கில் பெண்கள் தன் பக்கம் நிற்பார்கள், அதுவரை தான் நடத்திய வழக்குகளில் கறுப்பினப் பெண்களோடு தனக்கு நல்ல ஒட்டுதல் இருந்தது என்று அவர் நம்பினார். ஆலோசகரை ஓரங்கட்டினார். எதிர்த்தரப்பில் ஜோ-எலன் டிமிட்ரியஸ் என்ற ஆலோசகர் தொடக்கத்திலிருந்தே வக்கீல்களோடு உட்கார்ந்திருந்தார். முடிவு சொன்ன ஜூரியில் 10 பேர் பெண்கள். அவர்களில் 8 பேர் கறுப்பினத்தவர். எட்டு மாதத்துக்கு மேல் நடந்த விசாரணைக்கு நான்கு மணி நேரத்துக்குள் முடிவெடுத்து, 1995 அக்டோபர் 3 அன்று விடுதலை என்றார்கள்.

ஆலோசகர் சொன்னதைக் கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா? தடயமாக வைத்த கையுறை சிம்சன் கைக்குப் பொருந்தவில்லை, துப்பறிந்த போலீஸ்காரரே இனவெறிப் பேச்சில் மாட்டினார், லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் மேல் அந்த நகரக் கறுப்பினத்தவருக்கு நியாயமான பழைய கோபம் இருந்தது. இவ்வளவையும் ஓர் ஆலோசகரால் கழித்துவிட முடியாது. நான் இந்த வழக்கை மேற்கோள் காட்டுவது வேறு காரணத்துக்கு. ஆலோசகரை அமர்த்திவிட்டு, தன் கணக்குக்கு ஒத்துவராததைச் சொன்னதும் தள்ளிவைப்பது வக்கீல் உலகத்தில் அன்றாடம் நடக்கிற காரியம்.

இந்த வேலை உண்மையில் பலிக்கிறதா என்ற கேள்விக்குத் தொழில்காரர்கள் ஒரு விடையும் பல்கலைக்கழகங்கள் ஒரு விடையும் வைத்திருக்கின்றன. ஒரே வழக்கை இரண்டு ஜூரி வைத்து இரண்டு முறை நடத்தினால்தானே ஒப்பிட முடியும். அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றை 1970-களில் சிகாகோவில் ஹான்ஸ் ஜைசலும் ஷாரி டயமண்டும் செய்தார்கள். 12 ஃபெடரல் குற்ற வழக்குகளில், வக்கீல்கள் கழித்துவிட்ட ஆட்களையும் கோர்ட்டில் உட்கார வைத்து, நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டார்கள். சில வழக்குகளில் கழித்ததால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்று தெரிந்தது. ஆனால் யாரைக் கழிக்க வேண்டும் என்பதில் வக்கீல்களின் கணிப்பு ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. சில சமயம் தங்களுக்குச் சாதகமான ஆளையே கழித்திருந்தார்கள். அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் பொதுவாக ஒரு பக்கம்தான் கை காட்டுகின்றன: வயது, இனம், வருமானம் வைத்து ஒரு ஜூரியின் முடிவைக் கணிக்க முடிவது ரொம்பச் சொற்பம். சாட்சியத்தின் பலம்தான் எல்லாவற்றையும் விடப் பெரியது. வழக்கின் விஷயத்தைப் பற்றி ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் மனப்போக்கு ஓரளவு பயன்படும். இரண்டு பக்கமும் சம எடையில் தொங்கும் வழக்கில்தான் ஆலோசகரின் சல்லடை எடையைச் சாய்க்கும்.

நம் ஆட்களுக்கு ஜூரி என்றால் நினைவுக்கு வருவது பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும்தான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரி பெரும்பான்மையாகக் குற்றவாளிகள் என்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல்தான் இருவரும் விடுதலையானார்கள். பம்பாயில் 1959-இல் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் ஜூரி 8-க்கு 1 என்று விடுதலை சொன்னதை நீதிபதியே ஏற்கவில்லை. இந்தியாவில் ஜூரி மெல்ல மறைந்துபோனது. இலங்கையில் இன்னும் இருக்கிறது, 7 பேர் கொண்ட ஜூரி. குற்றம் சாட்டப்பட்டவர் எந்த மொழி பேசும் பட்டியலிலிருந்து ஜூரி வேண்டும் என்று கேட்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில், பாதிக்கப்பட்ட தரப்பு ஆட்சேபித்தும் சிங்களம் பேசும் ஜூரியே அமர்ந்தது. 2016 டிசம்பர் 24 அன்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். ஆலோசகர் எல்லாம் அங்கே கிடையாது. ஆனால் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதே பாதி வழக்கு என்று ஈழத் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் அது தெரிந்த விஷயம்தான். 1975-இல் வட கரோலினாவில் ஜோன் லிட்டில் என்ற கறுப்பினப் பெண், சிறையில் தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய வெள்ளையினக் காவலரைக் குத்திக் கொன்றதாக வழக்கு. சம்பவம் நடந்த பகுதியில் மக்கள் மனநிலையை ஆய்வுக் குழு அளந்து காட்டியது. விசாரணை தலைநகரான ராலேக்கு மாறியது. 6 கறுப்பினத்தவர், 6 வெள்ளையினத்தவர் கொண்ட ஜூரி 78 நிமிடத்தில் விடுதலை என்றது.

அமர்த்துவது என்றால்

ஹாரிஸ்பர்க்கிலும் ராலேயிலும் இயக்கத்துக்காக நடந்த வேலை, பத்து வருடத்துக்குள் பெரிய கம்பெனிகளின் தொழிலாகிவிட்டது. 1982-இல் இவர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கமே வந்தது. மாதிரி விசாரணை ஒன்றுக்கே பல்லாயிரம் டாலர் ஆகும். குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு கோர்ட் செலவில் ஆலோசகர் கேட்டு மனுப் போடலாம். மரண தண்டனை வழக்குகளில் சில நீதிபதிகள் அனுமதிப்பதுண்டு. மற்றபடி காசு உள்ளவன் கையில்தான் சல்லடை. சின்ன வழக்கு நடத்தும் வக்கீல்கள், நான்கைந்து மணி நேரத்துக்கு மட்டும் ஆலோசகரைப் பிடித்து, தொடக்க உரையையும் கேள்விகளையும் காட்டித் திருத்தி வாங்குகிறார்கள். அதுவே பாதி பலன் தரும்.

இந்தத் தொழிலுக்கு உரிமம் கிடையாது. உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவரும் ஆலோசகர், நேற்றுவரை நாடகம் போட்டவரும் ஆலோசகர். இவர் மோசம் என்று சொல்ல வரவில்லை. சாட்சிக்குப் பேசக் கற்றுத்தர நாடகக்காரர் ரொம்பவே பொருத்தம். ஆனால் நூற்றுக்கு இத்தனை வழக்கில் ஜெயித்தேன் என்று விளம்பரம் செய்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஜெயித்தது அவராலா, சாட்சியத்தாலா, வக்கீலாலா என்று எப்படிப் பிரித்தார்? இதே மாவட்டத்தில் வேலை செய்திருக்கிறாரா, எதிர்த்தரப்புக் கம்பெனிக்கு எப்போதாவது உழைத்திருக்கிறாரா, மாதிரி விசாரணையை அவரே நடத்துவாரா அல்லது உதவியாளரை அனுப்புவாரா என்று கேட்பது உருப்படியான கேள்விகள்.

பலரும் செய்யும் பெரிய தப்பு, ஜூரி பொறுக்கும் வாரத்தில் ஆலோசகரைக் கூப்பிடுவது. அந்த நேரத்தில் வழக்கின் கதை இறுகிப்போயிருக்கும். சாட்சிகளின் வாக்குமூலம் பதிவாகியிருக்கும். அடுத்த வீட்டு நாக்கு உப்பு இல்லை என்று சொன்னாலும் சாம்பார் பந்திக்குப் போய்விட்டது. எந்த ஆவணத்தைத் தேடுவது, எந்த நிபுணரை அழைப்பது என்று முடிவெடுக்கும் கட்டத்திலேயே நான்கு அந்நியர்களிடம் கதையைச் சொல்லிப் பார்த்தால் செலவும் குறையும்.

ஆலோசகரை அமர்த்துவது வக்கீலாக இருக்க வேண்டும், கட்சிக்காரர் நேரடியாகப் போய்ப் பிடிக்கக் கூடாது. வழக்குக்காக வக்கீல் தயாரிக்கும் வேலைக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அந்தக் குடைக்குள் ஆலோசகரும் வர வேண்டும். 2003-இல் ஒரு ஃபெடரல் மேல்முறையீட்டு கோர்ட்டில் இது பெரிய சண்டையானது. கணக்குத் தணிக்கைக் கம்பெனி ஒன்றின் முன்னாள் ஊழியரைச் சாட்சி சொல்லத் தயார்படுத்தியவர் ஃபில் மெக்ரா என்ற உளவியலாளர். அவர் என்ன சொன்னார் என்று கேட்க எதிர்த்தரப்பு முயன்றது. வக்கீலின் தயாரிப்பு வேலை சார்ந்த அந்தப் பேச்சைக் கிளற முடியாது என்றது கோர்ட். எப்படிச் சொல்வது என்று கற்றுத்தரலாம், எதைச் சொல்வது என்று கற்றுத்தரக் கூடாது என்ற கோடு மட்டும் எப்போதும் உண்டு.

சாட்சியைத் தயார்படுத்துவதில் உலகப் புகழ் பெற்றவரும் இதே மெக்ராதான். பைத்தியப் பசு நோய் பற்றிய நிகழ்ச்சிக்காக ஓப்ரா வின்ஃப்ரே மேல் டெக்சஸ் மாட்டுப் பண்ணைக்காரர்கள் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார்கள். 1998-இல் அமரில்லோ நகரில், மாட்டுத் தொழிலை நம்பி வாழும் ஊரிலேயே, விசாரணை. வழக்கே அநியாயம் என்ற ஆத்திரத்தில் இருந்த ஓப்ராவை, அந்த ஆத்திரத்தை வைத்துவிட்டு ஜூரியின் முன் உட்காரத் தயார்படுத்தியவர் மெக்ரா. ஓப்ரா ஜெயித்தார். மெக்ரா டிவிக்குப் போய் டாக்டர் ஃபில் ஆனார்.

கழிக்கும் உரிமையே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. இனத்தைப் பார்த்துக் கழிக்கக் கூடாது என்று 1986-இல் பாட்சன் வழக்கிலும், பாலினத்தைப் பார்த்துக் கழிக்கக் கூடாது என்று 1994-இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜார்ஜியா வழக்கு ஒன்றில், கறுப்பின ஜூரிகளின் பெயர்களைப் பச்சை மையால் தீட்டி வைத்திருந்த அரசுத் தரப்புக் குறிப்புகளே வருடங்கள் கழித்து வெளியே வந்து, 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. மக்கள்தொகைப் பிரிவு வைத்து மார்க் போடும் ஆலோசகரின் அட்டவணையும் நாளைக்கு அப்படி வெளியே வரலாம் என்ற பயம் இருக்கத்தான் வேண்டும். இங்கிலாந்து காரணமில்லாமல் கழிப்பதை 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடுத்துவிட்டது, கனடா 2019-இல் எடுத்துவிட்டது.

அமெரிக்காவில் முதலில் எடுத்த மாநிலம் அரிசோனா. 2022 ஜனவரி 1 முதல் அங்கே எந்த வக்கீலும் காரணம் சொல்லாமல் ஒருவரைக்கூட அனுப்ப முடியாது. அதனால் அங்கே எழுத்துக் கேள்வித்தாளும் கேள்வி நேரமும்தான் வக்கீலின் கையில் மிச்சம். கம்பெனி மேல் கேஸ் போடுபவர்கள் எல்லாம் காசுக்காகத்தான் என்று நினைக்கும் அந்த மூன்றாவது வரிசைக்காரர், இந்த வழக்கில் என்னால் நடுநிலையாக இருக்க முடியாது என்று தன் வாயால் சொன்னால்தான் எழுந்து வீட்டுக்குப் போவார்.